காதால் வாசித்த மகள்

பிள்ளைகள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, திண்டுக்கல்லில் எங்கள் தெருவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தவனிடம் புத்தகத்தைக் கொடுத்தால் போதும், தானே படித்துவிடுவான். இளையவளுக்குப் புத்தகம் என்றாலே வேப்பங்காய். எதையும் காதால் கேட்டால்தான் ஏறும். பள்ளியில் அவளுக்கு மக்கு என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நிறுத்தியதே அதனால்தான்.

போன் மட்டும் இருவருக்கும் சமமாக அரை மணி நேரம். அவன் கிரிக்கெட் பார்த்தான். அவள் பாடத்தை வாசித்துக் காட்டும் வீடியோக்களைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நடுவில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். அவளோ, கண்ணில் படாமல் தாண்டிப்போன பக்கத்தைப் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனாள்.

"இது மனப்பாடம். ஜூன்ல ஸ்கூல்லயே சேத்துருவோம்," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டதை இவ்வளவு சுத்தமாகச் சொல்பவளா மக்கு? மறுபடி அங்கே அனுப்ப மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பேசினால் எழுத்தாக விழும் வசதியைப் போனில் போட்டு, "உனக்குத் தோணுனதச் சொல்லுடி," என்றேன். எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி சாம்பார் வாளிக்குள் தலையை விட்ட கதையைச் சொன்னாள். தான் சொன்னது திரையில் நிற்க, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். மறுநாள் அதே சொற்களை நான் கலைத்துப் போட்டு எழுதினேன். இனி ஒப்பிக்க முடியாது, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

"அவளுக்கு மட்டும் ஏம்மா போன்ல இம்புட்டு நேரம்?" என்று மூத்தவன் சண்டைக்கு வந்தான்.

"நீ பாக்குறது கிரிக்கெட்டு. அவ படிக்கிறாடா," என்றேன்.

மே மாதக் கடைசியில், கொடைரோடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். வந்த பஸ்ஸின் பலகையில் அவள் கேள்விப்பட்டே இராத ஊர்ப் பெயர். யாரும் கேட்காமலே, "அம்... மை... ய..." என்று எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே, செத்த பொறுங்க, பிள்ளை போர்டு வாசிக்குது," என்றார் என் கணவர்.

"நா... யக்... க... னூர்," என்று முடித்துவிட்டுத்தான் அவள் படியில் கால் வைத்தாள்.

பஸ் நகர்ந்த பிறகு கணவர் என் பக்கம் குனிந்து, "ஜூன்ல எங்கயும் அனுப்ப வேணாம்," என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்றேன்.