இல்லாத மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறவள்

குற்றாலத்தில் அந்த லாட்ஜின் போனை எடுப்பது முத்துசெல்விதான். பதினோரு வருஷமாக அவள்தான். சாரல் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஒரே கேள்வி மாற்றி மாற்றி வரும்: "தண்ணி விழுதா?" இலஞ்சியிலிருந்து வேலைக்கு வரும்போதே மெயினருவியை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறவளுக்குப் பதில் தெரியும். ஆனாலும், "இருங்க, மேனேஜர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொள்வாள். மனசுக்குள் பத்து எண்ணுவாள். பிறகு, "நல்லா விழுதாம்" என்பாள்.

இதில் கூத்து என்னவென்றால், சித்திரையிலிருந்து அங்கே மேனேஜரே கிடையாது.

இருந்த எபனேசர் துபாய்க்குப் போய்விட்டார். அவருக்கு முன்னால் இரண்டு பேர். எந்த அறையில் ஹீட்டர் தகராறு, எந்த புரோக்கர் கமிஷனுக்கு வந்து நிற்பான் என்று மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தது இவள். சொல்லிக்கொடுத்த மறுவாரமே, "ஏம்மா, ஒரு டீ சொல்லு" என்பார்கள். முதல் ஆள் சொன்னபோது அழுதாள். அடுத்தவர் சொன்னபோது எரிச்சல் வந்தது. எபனேசர் சொன்னபோது ஒன்றும் தோன்றவில்லை, டீ சொன்னாள். ஊசி போட்ட பல் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

இப்போது நாலாவது ஆள். மன்சூர் என்று ஒருவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

"ஏட்டி, அந்த வேலைய எனக்குத் தாங்கன்னு நீயே கேளேன். தலையவா சீவிருவாவ?" என்றாள் அறைகளைச் சுத்தம் செய்யும் வள்ளித்தாய்.

"கேக்கணும்க்கா."

இந்தக் 'கேக்கணும்' ஐந்து வருஷத்துப் பாட்டு. முதலாளி சிவனணைந்தபெருமாள் ஒன்றும் சிங்கம் புலி இல்லை. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், மாசம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். அவரைக் கண்டதும் "சரிங்க அண்ணாச்சி" என்பதைத் தவிர பாவி மகளுக்கு வேறொரு சொல் வராது.

சனிக்கிழமை காலை போன் அடித்தது.

"தண்ணி எப்படி விழுது?"

குரலை அவள் கவனிக்கவில்லை. "இருங்க, மேனேஜர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்." பொத்தினாள், பத்து எண்ணினாள். "ஐந்தருவில அஞ்சும் விழுதாம். மெயினருவில கூட்டம் கம்மியாம்."



"வீட்டுக்கு விருந்தாளுவ வந்திருக்காவன்னு கேட்டேன்" என்றது சிவனணைந்தபெருமாளின் குரல். "நான் இன்னும் மேனேஜரே போடலியேம்மா. நீ யார்ட்ட கேட்ட?"

விளக்குமாறும் கையுமாக வள்ளித்தாய் நின்றுவிட்டாள். முத்துசெல்விக்குப் பயம்கூட வரவில்லை. 'சரிங்க அண்ணாச்சி' என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது.

"யார்ட்டயும் கேக்கல அண்ணாச்சி. நாந்தான் பாத்தேன், நாந்தான் சொன்னேன். ரெண்டு மாசமா இங்க நாந்தான் மேனேஜர். திங்கக்கிழம அவங்கள வரச் சொல்லாதிய."

"சீசன ஒத்தையில சமாளிச்சிருவியா?"

"போன சீசனையும் நாந்தான சமாளிச்சேன்."

அவர் இருமினார். "சரி, ஆவணி வரைக்கும் நீ பாரு. அந்த ஆளுட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

வள்ளித்தாய் வந்து தோளில் ஒரு அடி வைத்தாள். அதுவும் உறைக்கவில்லை. சந்தோஷம் எங்கே போய்த் தொலைந்தது என்று யோசிக்கும் முன்னே மறுபடி போன் அடித்தது.

"கோவில்பட்டிலேர்ந்து பேசுதேன். தண்ணி விழுதா?"

"இருங்க" என்று பழக்கதோஷத்தில் பொத்தினாள். ஒன்று, இரண்டு எண்ணினாள். மூன்றில் கையை எடுத்தாள்.

"விழுது. வாங்க."

ரிசீவரை வைத்த பிறகுதான் வள்ளித்தாய் அடித்த தோள் உறைக்கத் தொடங்கியது.