கொழும்பிலிருந்து மாலேவுக்கு, பைக்காரா வழியாக

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மீசைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே கிளம்பிவிட்டேன். துக்க வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் பேசியவர்கள் மட்டும் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

நடுவட்டத்து எஸ்டேட் பேக்டரியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் கதை தெரியும். இலங்கைத் தோட்டத்திலிருந்து வாலிபத்தில் இங்கே அனுப்பப்பட்டவர். அங்கேயே தங்கிவிட்ட தன் அக்கா ஞானம்மாவை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. கையில் காசு சேர்ந்தபோது நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. விமானம் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

என் மகள் மாலத்தீவில் நர்ஸ். லீவு முடிந்து திரும்பும்போது கொழும்பில் விமானம் மாறுவாள். அங்கிருந்து மாலே எவ்வளவு தூரம் என்று அண்ணன் கேட்டார். நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன். மகளைக் கேட்டுச் சொன்னேன். எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றரை மணி நேரம். கிலோமீட்டர் அவருக்குப் பிடிபடவில்லை. "ஊட்டியில பஸ் ஏறி கூடலூர்ல எறங்குற நேரந்தானே" என்றார்.

அன்றிலிருந்து, அவள் கொழும்பில் ஏறிவிட்டாள் என்றதும் இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். "இப்ப பைக்காரா தாண்டியிருப்பா" என்பார், கூடலூர் பஸ் போகும் வழியை மனதில் வைத்து. சற்றுப் பொறுத்து, "நடுவட்டம் வந்துட்டா, டீ சொல்லு." இறங்கிய செய்தி தாமதித்தால், கூடலூர் இறக்கத்தில் பனிமூட்டம் என்று எனக்குச் சமாதானம் சொல்வார்.

ஒருமுறை கொழும்பில் அவளுக்கு ஆறு மணி நேரம் காத்திருப்பு. மேட்டுப்பாளையத்தில் பஸ் நிற்பதுபோல, இறங்கி டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். "எங்க அக்கா இந்தப் பக்கத்து ஆள் ஒண்ணையாவது நேர்ல பார்க்கட்டும். என்னையப் பார்த்தாப்ல இருக்கும்" என்று அக்காவுக்குப் போன் போட்டார். அக்காவும் இலங்கை மலைநாட்டு அட்டன் பக்கத்திலிருந்து ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி, விமான நிலைய வாசலில் வந்து நின்றார். மகளிடம் வெளியே வருவதற்கான அனுமதி இல்லை. உள்ளே அவள், வெளியே அக்கா. போனில்தான் பேசிக்கொண்டார்கள்.

"பஸ்ஸா இருந்தா கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் அண்ணன். அன்று சொன்ன டீ ஆறிப்போயிற்று. அடுத்த லீவுக்கு முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மகள் சொன்ன பிறகுதான் எழுந்தார். அந்த லீவு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம். யார் எங்கே பயணம் போனாலும் எனக்கு அது ஊட்டியில் ஏறி, பைக்காரா தாண்டித்தான் போகிறது.

அடக்கம் முடிந்ததும் அண்ணனின் மகன் போனை என்னிடம் நீட்டினான். ஞானம்மா அக்கா. நிதானமாகத்தான் பேசினார். "தம்பியத்தான் பார்க்கக் கெடைக்கல. புள்ள இந்தப் பக்கம் வாறப்ப சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

"சரிங்க அக்கா" என்றேன்.

இனி பெங்களூரிலிருந்து நேராக மாலேவுக்கே போய்விடுவேன், கொழும்பில் இறங்க வேண்டியதில்லை என்று மகள் போன மாதமே சொல்லியிருந்தாள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.