ரசத்தில் அடித்த வாடை

கல்யாணமாகி மலையாளத்துக் கரமனைக்கு வந்த முதல் வருஷம் என் கைக்கு நாற்றக்கை என்று பேர். பொழுது சாய்ந்தால் அரிக்கேன் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் விடுவது என் வேலை. சமையலும் என் வேலை. ரசத்திலும் மோரிலும் ஒரு வாடை அடிக்க ஆரம்பித்ததும் மாமியாருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "எண்ணெய் விட்ட கையை அலம்பாம சமையக்கட்டுல நுழையறா" என்றாள். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் உரிந்தது. குளிப்பது துவைப்பது எல்லோருக்கும் ஆற்றில். கிணற்றுத் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும், அதையும் மடியாக நான்தான் இறைக்க வேண்டும். ஆகையால் தண்ணீரே நாறினாலும் குடத்தைத் தொட்டவள் கைதான் நாறுகிறது என்றார்கள். என்ன நியாயமோ!

ஒருநாள் சுவாமிக்கு வைத்த பாயசத்திலும் அதே வாடை. அவ்வளவுதான். "இவ சரிப்பட மாட்டா. இவ அப்பா வந்து அழைச்சுண்டு போகட்டும்." அப்பா இருக்கிற திருநெல்வேலிக்குப் போகிற ஒருவரிடம் சொல்லியும் அனுப்பியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அப்படித் திரும்பிப் போனால் பிறகு யார் கூப்பிடப் போகிறார்கள்? காலம் பூராவும் வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அப்பா வருவதற்குள் நான் தூரமானேன். அந்த நாட்களில் கொல்லை அறையில்தான் இருக்க வேண்டும். கிணறு, அடுப்பு, விளக்கு எதையும் தொடக் கூடாது. மாமியாரே தண்ணீர் இறைத்தாள், மாமியாரே சமைத்தாள். மத்தியானம் எட்ட நின்று என் இலையில் ரசத்தை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். அடேயப்பா, அதே வாடை! உள்ளே மாமனார் கேட்கிறார்: "என்னடி, இன்னிக்கும் மண்ணெண்ணெயா? அவதான் வெளியில இருக்காளே!" புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கூடவே அழுகையும் வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

என் மாமியார் லேசுப்பட்டவள் இல்லை. என் கை இல்லையென்றால் வேறு எது என்று உடனே தேடக் கிளம்பிவிட்டாள். ஒரு வாளி இறைத்து வெயிலில் வைத்தாள். தண்ணீர் மேல் வர்ணம் வர்ணமாக ஒரு ஏடு மிதந்தது. குனிந்து மோந்தாள். "இது மண்ணெண்ணெய் இல்லே. பஸ் வாடைன்னா இது!" தெருவில் ஒவ்வொரு கொல்லையாகப் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தாள். ஆற்றுப் பக்கத்துக் கிணறுகள் சுத்தமாம். ரோட்டுப் பக்கம் வர வர வாடை ஏறியதாம். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புதிதாக ஒரு பெட்ரோல் பம்பு வைத்திருந்தார்கள், மண்ணுக்கடியில் தொட்டி புதைத்து.

மாமியார் சுவரோரம் நின்று பம்புக்காரரைக் கூப்பிட்டாள். "இந்தாங்கோ, உங்க பெட்ரோல் எங்காத்துக் கிணத்துக்கு வந்திருக்கு." அவர் முதலில் சிரித்தார். வாளியை மோந்ததும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நாளாகவே அவருக்குப் பெட்ரோல் குறைந்துகொண்டு வந்ததாம். வேலையாள் திருடுகிறான் என்று அவனை விரட்டியும் விட்டாராம். "அய்யோ, அவன் கட்டிட்டில்லா!" என்று மலையாளத்தில் அலறித் தலையில் கை வைத்துக்கொண்டார். அவன் திருடவில்லை, பாவம். தொட்டியைத் தோண்டி எடுத்தால் அடியில் துருப்பிடித்துப் பொத்தல். அன்றைக்கே ஆள் அனுப்பி அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு என்னவோ என்னையே கூப்பிட்ட மாதிரி சந்தோஷம்.

அப்பா வந்தபோது நான் தலைக்குக் குளித்துவிட்டு அடுக்களையில் இருந்தேன். ஆற்றோரத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சமையல். அப்பா கூடத்தில் தலை குனிந்து நின்று, "பொண்ணை அழைச்சுண்டு போகணும்னு சொல்லி அனுப்பிச்சேளாம்" என்றார். சம்பந்தியிடம் கதவு மறைவில் நின்றே பேசுகிற மாமியார் அன்று கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"எங்காத்துப் பொண்ணை எங்கே அழைச்சுண்டு போறேள்? கையைக் காலை அலம்பிண்டு வாங்கோ. அவதான் சமைச்சிருக்கா."

அப்பாவுக்கு நானே பரிமாறினேன். ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னும் கொஞ்சம் விடும்மா" என்றார்.