சான்பாடாவில் இறங்காத கதை

பலர் எழுதிய அறிவியல் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு கதையைச் 'சுவாரசியமில்லை' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தேன். எழுதியவருக்கு அது முதல் கதை.

இன்று காலை செம்பூரில் ரயில் ஏறினேன். இடம் பிடித்து வைத்திருந்த தாராவித் தோழி செல்வி, என் கையிலிருந்த தொகுப்பைப் பார்த்து, "எனக்குத் தமிழ் வாசிக்க வராதுட்டி. ஒரு கதைய வாசி, கேக்கேன்" என்றாள்.

புரட்டியதும் வந்தது அந்தக் கதைதான். செவ்வாயில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன பெண், பூமிக்குத் திரும்பும் கலத்தைத் தவறவிடுகிறாள். சத்தமாக வாசித்தபோது எனக்கே பதற்றமாக இருந்தது.

நான் இறங்க வேண்டிய சான்பாடா வந்ததும் எழுந்தேன். நான் இறங்கியதும் என் சீட் தனக்கு என்று முன்பே சொல்லிவைத்து எதிரே நின்றிருந்த அக்கா உட்காரவில்லை.

"சீட் கிடக்கட்டும்மா. அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பினாளா இல்லையா?"

"உக்காருட்டி. ஆபீஸ் எங்கயும் ஓடிராது" என்றாள் செல்வி.

இந்த ஊர் ரயிலில் சொல்லிவைத்த சீட்டை ஒருவர் விட்டுக்கொடுத்து இன்றுதான் பார்க்கிறேன். அடுத்த ஸ்டேஷனான ஜூயிநகர் வருவதற்குள் வாசித்து முடித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டேன். விமர்சனம் இப்போது அந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. இருவருக்கும் நன்றி.

கதைக்காக ஸ்டேஷனைத் தவறவிட்டவர்கள் இங்கே இருந்தால், ஆபீசில் என்ன காரணம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு அவசரமாகத் தேவை.