படலையில் கட்டிய வேப்பிலை

சட்டியில் வாவி இறால் பொரிந்துகொண்டிருந்தது; எனக்கு மணக்கவே இல்லை. இறால் பழசு என்று கணவரைத் திட்டினேன். அவரோ வாசலில் இருந்தே வாசம் பிடித்து, பசிக்கிறது என்றார். அன்டிஜன் பரிசோதனை (மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு, கால் மணி நேரத்தில் முடிவு காட்டும் சோதனை) செய்தேன். இரண்டு கோடுகள். எனக்குக் கொவிட்.

என் கணவரின் உடம்பில் வேலை செய்வது என் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புத் தணிப்பு மாத்திரைகள் (நோயெதிர்ப்பைக் குறைத்து வைப்பவை) விழுங்குகிறார். சாதாரணத் தடிமனே (சளி) அவரைச் சாய்த்துவிடும். நான் பின்னறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

கணவரின் கிளினிக் டொக்டர் தொலைபேசியில் சொன்னார்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கும் பாருங்கோ. ஒரு கோடு எண்டா இண்டைக்கு இல்லை எண்டுதான் அர்த்தம். நாளைக்கு அதை நம்பாதீங்கோ. ரெண்டு வந்தா உடனே கூட்டி வாங்கோ."

அவர் சோதித்துவிட்டு என் ஜன்னலுக்கு வெளியே வந்து அட்டையைக் காட்டுவார். அந்தக் கால் மணி நேரம் முழுவதும் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். வாவியில் தோணிகள் போய் வந்தன. எனக்கு அவற்றின் மேலும் எரிச்சல் வந்தது.

ஊர் கதைக்கும் என்று அவர் வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தார். அம்மாள் (கொப்புளிப்பான், சின்னம்மை) கண்ட வீட்டுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் கட்டுவார்கள். ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். ஏற்கெனவே அம்மாள் வந்து ஆறியவர்கள் மட்டும் தாராளமாக வருவார்கள் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

காய்ச்சலில் கிடந்த எனக்கு, பக்கத்து வீட்டு ராசம்மாக்கா வந்து கஞ்சி வைப்பதும் என் கோப்பை கழுவுவதும் தெரியாது. வெட்கத்தில் என் கணவரும் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒருநாள் குசினியில் குரல் கேட்டுக் கத்தினேன்.

"அக்கா, இது அம்மாள் இல்ல. கொரோனா. போங்க."

கழுவிய கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இதை முதலே சொன்னா என்ன, புள்ள? நான் தள்ளி நிண்டு தந்திருப்பனே," என்றார்.

அன்று சோதித்ததில் என் கணவருக்கும் அக்காவுக்கும் ஒற்றைக் கோடு. "எனக்கு ஒண்டுமில்ல," என்று அக்கா தன் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். டொக்டர் சொன்னதைச் சொல்லித் தடுத்தேன். அடுத்த சோதனையில் அக்காவுக்கு இரண்டு கோடு. அதற்கடுத்ததில் என் கணவர் ஜன்னலுக்கு வந்து, அட்டையைக் காட்டாமல் நின்றார்.

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. அம்புலன்ஸில் ஏறும்போது அவர் அடிவயிற்றில், என் சிறுநீரகம் இருக்கும் இடத்தில், கையை வைத்துக்கொண்டார். என் உடம்பில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது. மிச்சம் பூட்டிய அறையில் நின்றது.

உடனே கண்டதால் காப்பாற்ற முடிந்தது என்றார் டொக்டர். அக்காவும் தேறிவிட்டார். சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வேப்பிலை கட்டுங்கள், குற்றமில்லை. என்ன நோய் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கோட்டோடு சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த வருடத்துக்கென்று நாங்கள் இப்போது ஒன்றும் பேசுவதில்லை. காலையில் எழுந்ததும், சுகமா என்று கேட்பேன். முன்பெல்லாம் "ஓம்" என்பார். இப்போது அடிவயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஓம்," என்கிறார்.