மரத்துப்போன விரலும் நாற்பது பக்கக் கதையும்

முதல் அறிகுறியை நான் என் உடம்பில் பார்க்கவில்லை. நான் வரைந்த ஒரு பெண்ணின் கழுத்தில் பார்த்தேன்.

காமிக்ஸ் வரைவது என் வேலை. பதிப்பகம் எதுவும் கிடையாது. நானே எழுதி, வரைந்து, அச்சடித்து, புத்தகச் சந்தைகளில் ஒரு மேசை போட்டு விற்கிறேன். மாதிரிக்கு ஆள் வைக்க வசதியில்லை. அதனால் கிழவனோ குமரியோ, எந்தப் பாத்திரமானாலும் நானே போனை எதிரே நிறுத்தி நடித்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைவேன். அன்று வரைந்தது ஒரு கதையின் கடைசிக் கட்டம். வெள்ளத்தில் கடையை இழந்த பெண், மழை விட்ட வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள்.

படங்களில் வசனத்தைப் பொருத்துவது என் மனைவி வாசுகி. அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனி வேலை முடிந்து சேக்காட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும், என் கம்பெனியில் சம்பளமில்லாத வேலை. படத்தைத் திறந்தவள் கேட்டாள்.

“இந்தப் பொண்ணுக்கு ஏன் கழுத்துல ஒரு பக்கம் வீங்கியிருக்கு?”

நிழல் என்றேன். போட்டோவை எடுத்துப் பார்த்தோம். அதிலும் இருந்தது. வாசுகி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கம், காறை எலும்புக்கு மேலே, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அழுத்தினால்கூட வலிக்கவில்லை. வலிக்காததால் ஒரு மாதம் சும்மா இருந்தேன். இதைப் படிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர் முடிச்சுகளில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்). மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அறிக்கையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“பயப்படாதீங்க. இருக்கிற கேன்சர்லயே இது நல்ல கேன்சர்.”

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். முகம் வரைந்து பிழைப்பவனுக்கு அந்தப் புத்திதான் இருக்கும். கண் சிரிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

சந்தேகப்பட எனக்கு வேறு காரணமும் இருந்தது. நோய் வந்தவருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதை நம் வீடுகளில் அன்பு என்கிறோம். என் பெரியப்பா வயிற்றுப்புண் என்ற நினைப்பிலேயே இறந்துபோனார். குடும்பமே சேர்ந்து நடித்தோம். நானும் நன்றாகவே நடித்தேன். அதே நாடகம் இப்போது எனக்காக நடக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். நர்ஸ் கூடுதலாக ஒரு புன்னகை செய்தால்கூட, எதையோ மறைக்கிறார் என்று எண்ணினேன்.

இப்படிப்பட்டவன் எப்படி நம்பிக்கையான கதைகள் வரைகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். சந்தையில் வாசகர்கள் அதைக் கேட்கும்போதெல்லாம், மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் காரணம் என்று சொல்லி வந்தேன். பச்சைப் பொய். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஆள் நான். எது தொடங்கினாலும் கெட்டபடி முடியும் என்றே தோன்றும். காகிதத்திலாவது வேறு மாதிரி முடியட்டும் என்ற பயத்தில்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்துகளை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது) இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை. காலையில் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தால் மாலையில் விடுவார்கள். பக்கத்து நாற்காலியில் ஏழுமலை இருந்தார். கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே நோய்.

“உனக்கும் நல்ல கேன்சர்னு சொன்னாங்களா நைனா?” என்று முதல் நாளே கேட்டார். “எனக்கும் அத்தத்தான் சொன்னாங்கோ. அப்போ கெட்டத யாருக்குத்தான் குடுத்துகினு கீறாங்கோ?”

அன்று நீண்ட நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த முறை என் வெள்ளக் கதையை அவருக்குக் கொடுத்தேன். மருந்து இறங்கி முடிவதற்குள் படித்துவிட்டார்.

“படம்லாம் சோக்கா கீது. ஆனா கடையே முழுகிப் பூட்ச்சு. அந்தப் பொம்பள இன்னாத்துக்கு வானத்தப் பாத்து சிரிச்சிகினு நிக்குது? நீ நேர்ல பாத்தியா?”

“இல்லண்ணே. முடிவு நல்லா இருக்கணும்ல.”

“முடிவு உன் கையிலயா கீது?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

நான்காவது ஊசிக்குப் பின் பெட் ஸ்கேன் (நோய் உயிரோடு உள்ள இடங்களை ஒளிரக் காட்டும் படம்) எடுத்தார்கள். நோய் பெரும்பாலும் அடங்கிவிட்டது என்றார் மருத்துவர். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன்.

ஐந்தாவது ஊசிக்குப் பின் விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கின. நியூரோபதி (மருந்தால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவது) வரலாம், வந்தால் உடனே சொல்லுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் திரும்பும், திரும்பியதை என்னிடம் மறைப்பார்கள். என் கணக்கு இப்படி ஓடியது.

“சட்டைப் பொத்தான் போட முடியுதா?” என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர் கேட்பார். “முடியுது” என்பேன். அதற்குள் டீ-சர்ட்டுக்கு மாறியிருந்தேன்.

வரைவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் கணினியில் வரைகிறவன். அந்த மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் வசதி ஒன்று உண்டு. கை எப்படி நடுங்கினாலும் திரையில் கோடு வழுக்கிக்கொண்டு போகும். பூஜ்யத்திலிருந்து நூறுவரை வைக்கலாம். நான் பத்தைத் தாண்டியதே இல்லை. ஆறாவது ஊசிக்குப் பின் முப்பது வைத்தேன். ஏழாவதுக்குப் பின் அறுபது.

அந்த நாட்களில் என் சிகிச்சையையே சின்னச் சின்னக் கதைகளாக வரைந்து இணையத்தில் போட்டுவந்தேன். எல்லாவற்றிலும் மொட்டைத் தலை நாயகன் தைரியமாக இருந்தான். கையில் நடுக்கமே இல்லை என்று வாசகர்கள் பாராட்டினார்கள். அதைப் படிக்கும்போது காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

எட்டாவது ஊசி அன்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாசுகியும் மருத்துவரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாசுகி என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியப்பாவின் அறைக்கு வெளியே நாங்கள் நின்று பேசியதும் இதே மாதிரிதான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

“என்ன மறைக்கிறீங்க ரெண்டு பேரும்? எவ்வளவு நாள்னு சொன்னாங்க?”

வாசுகி என்னை மேசைக்கு இழுத்துப் போனாள். கணினியைத் திறந்து, திரையின் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினாள். எண்பத்தைந்து.

“வசனம் வைக்க நானும் இதைத்தானே திறக்கறேன்? ஊசிக்கு ஊசி இது ஏறிக்கிட்டே போகுது. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். நீ சொல்லல. இன்னைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். அதைத்தான் பேசினோம்.” அந்த எண்ணை விரலால் தட்டினாள். “மறைச்சது யாரு?”

அழுதேன். நோய் என்று தெரிந்த நாளில் அழாதவன், வெட்கத்தில் அழுதேன்.

மறுநாளே மருத்துவர் வரச் சொன்னார். ஒரு பஞ்சை என் விரல்களில் தொட்டுத் தொட்டு எடுத்தார். கண்ணை மூடியிருந்த எனக்குப் பாதி தடவை எதுவும் தெரியவில்லை.

“நாலு மருந்துல ஒண்ணுதான் நரம்பைப் பிடிக்குது. அதை மட்டும் குறைச்சிருப்பேன். ஸ்கேன் நல்லா இருந்ததால அதுல பெரிய பயமில்ல. முன்னாடியே சொல்லியிருந்தா கை இவ்வளவு தூரம் கெட்டிருக்காது.”

“திரும்ப சரியாகுமா டாக்டர்? வரையணும்.”

“கொஞ்சம் சரியாகும். முழுசா ஆகுமான்னு எனக்குத் தெரியாது.”

அன்றுதான் அவரை முதன்முதலாக நம்பினேன். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருந்தால், தெரியாது என்று அவர் சொல்லியிருக்கமாட்டார்.

ஒன்பதாவது ஊசியின்போது ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“பிரேக் புடிக்கலன்னு தெரிஞ்சே வண்டி ஓட்டிகினு இருந்துகீற நீ.” பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். “ஒண்ணு கேக்கறேன் நைனா. நம்ம கதைய போடறதுன்னா, ஜெயிச்சிட்டான்னுலாம் போடாத. அடுத்த ஊசிக்கு வந்தான்னு போடு. ஊட்டுக்குப் போயி ரசம் சாப்டான், வாந்தி எடுத்தான், மறுபடியும் சாப்டான்னு போடு. அத்த நான் நம்புவேன்.”

இத்தனை வருடம் வரைந்ததில் என்னிடம் இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நம்பிக்கையைச் சுலபமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாத மனிதர். அவரைப் போன்றவர்களும், ஏன், என்னைப் போன்றவர்களும் சந்தேகப்பட இடமில்லாத ஒரு கதையாவது வரைய வேண்டும் என்று ஆசை வந்தது. இன்று நான் வரைவது அந்த ஆசையால்தான்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஏழுமலை மறுபடி ஆட்டோ ஓட்டுகிறார். என் முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. இடக்கை தேறிவிட்டது. வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் என்னுடையவையாக இல்லை. பேனாவைப் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறேன். கோட்டைச் சீராக்கும் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன். கோடு நடுங்குகிறது. அவசரத்தில் வரைந்தீர்களா என்று சில வாசகர்கள் எழுதுகிறார்கள். சிரிப்புதான் வருகிறது. ஒரு நாளில் வரைந்த பக்கத்துக்கு இப்போது நான்கு நாள் ஆகிறது.

எனக்குக் காலம் இப்போது மூன்று மூன்று மாதங்களாக வருகிறது. ஒரு பரிசோதனை நன்றாக இருந்தால் அடுத்ததுவரை. போன வாரம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அறிக்கையை வாங்கி இரண்டு முறை நானே படித்தேன், சந்தேகம் போகவில்லை. போகும் என்றும் உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அன்று மாலை புதுக் கதைக்குப் பக்கம் பிரித்தேன். நாற்பது பக்கம் வந்தது. வாசுகி காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

“பக்கத்துக்கு நாலு நாள்னா, அடுத்த செக்-அப் இருபத்திமூணாம் பக்கத்துல வருது. கதையைச் சின்னதாக்கி அதுக்குள்ள முடிச்சிடலாமா?”

எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. மனசு முழுக்கப் பயம்தான்.

“வேணாம்,” என்றேன். “கதை நாப்பது பக்கம்.”

முதல் பக்கத்தைத் தொடங்கினேன்.