கணேசமூர்த்தியின் தொடையில் ஒரு விருந்தாளி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், மலாய் நாட்டின் காஜா பேராங் ஊரில் ஏகாதசியும் இருந்து ரமலான் நோன்பும் பிடித்த ஒரே மனிதர் கணேசமூர்த்தி. காரணம் பக்தி அல்ல, வலது தொடை.

போன வருஷம் அவருடைய தமனி அடைத்துப்போனது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அதை வெட்டியெடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவருடைய தமனியை வைத்துத் தைத்துவிட்டார். யாருடையது என்று கேட்டதற்கு, "சொல்லக்கூடாது" என்றார்கள்.

பெயர் தெரியாத விருந்தாளியை எப்படி உபசரிப்பது? கணேசமூர்த்தியோ ஊராருக்குக் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லை. வந்தவர் மலாய்க்காரராக இருந்தால்? பன்றிக்கறியை விட்டார். இந்துவாக இருந்தால்? மாடு எப்போதுமே இல்லை. சீனராக இருந்தால்? அமாவாசை, பௌர்ணமிக்குச் சைவம். கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை மீன் தின்பார். கணேசமூர்த்திக்கு வெள்ளிக்கிழமை மீன் ஆகாது. அந்தச் சிக்கலை வெறும் பிஸ்கட்டால் தீர்த்தார்.

"உங்க தொடைக்குத் தனி அடுப்பு போட்டுடலாமா?" என்றாள் மனைவி கோகிலா.

"கிண்டல் பண்ணாதே. வந்த இடத்துல அதுக்கு மனசு கோணிச்சுன்னா அடைச்சுக்கும்."

இருந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்தால் உடனே வரவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதனால் ஒருவருடைய பிறந்த ஊரை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனாவைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்து பார்ப்பார். ஏப்ரலில் கம்போங் செட்டிக் கோயில்வரை போய்த் திரும்பினார். ஜூனில் பாதி வழியில் கால் பிடித்தது. ஜூலையில் காப்பிக்கடையோடு நின்றுவிட்டார்.

"அங்க ஏன் நிக்கிறீங்க?" என்றாள் கோகிலா.

"நாடே விடுதலையாகப் போவுது. நாலு பேருகிட்டப் பேச வேணாமா?"

ஆகஸ்டில் பக்கத்து வீட்டு மளிகைக்கடையைத் தாண்ட முடியவில்லை. பின்னாலேயே வந்த கோகிலா கேட்டாள்: "இங்கயும் விடுதலைதானா?"

"ஒரு வாரமா அண்ணன் நம்ம அரிசி மூட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு, அண்ணி. வெலை கேப்பாருன்னு நானும் பாக்குறேன்," என்றார் கடைக்காரர் ஜெய்னுலாப்தீன்.

கோகிலா குனிந்து கணவரின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் சொன்னதை நர்ஸ் ஜெயா தமிழில் சொன்னாள். "அந்தக் குழாய் பாவம், சும்மாத்தான் கெடக்கு. சண்டை போடறது நீங்கதான் சார்."

"நானா? அதுக்காக முப்பது நாள் நோன்பு பிடிச்சவன்மா நான்!"

"உங்க ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க. இது நம்ம ஆளில்லைன்னு கண்டுக்கிட்டதும் கூட்டம் சேர்த்துட்டாங்க. அந்த ரகளையில சுவர் தடிச்சு, வழி அடைஞ்சு போச்சு."

அந்நியத்தை உணர்ந்து அபாயமணி அடிக்கும் ஏற்பிகள் நம் உயிரணுக்களில் உண்டு என்று விஞ்ஞானிகள் பல வருஷம் கழித்துத்தான் எழுதினார்கள். கணேசமூர்த்தியின் கெண்டைக்கால் முந்திக்கொண்டது.

அவருக்கு வலித்தது வேறு இடத்தில். வெளியே நாலு மதத்துக்கும் மரியாதை செய்தவருக்குள் இப்படியொரு பொல்லாதவனா? இடது காலிலிருந்து அவருடைய சொந்த ரத்தக்குழாயையே எடுத்து வைக்கலாம், தாமதித்தால் வலது கால் போய்விடும் என்றார் டாக்டர். சம்மதத் தாளை மூன்று முறை படித்தவர் பேனாவைத் திறக்கவில்லை.

"என்னங்க, இன்னும் யாருக்காச்சும் விரதம் பாக்கியிருக்கா?" என்றாள் கோகிலா.

கையெழுத்துப் போட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் கோகிலா போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைப் பிடித்தாள்.

"சூடாருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"இருக்குங்க. தூங்குங்க."

கண்ணை மூடினார். அவள் ஆரஞ்சை உரித்து முடிப்பதற்குள் திறந்துவிட்டார்.

"இப்போ?"